"குத்தாலத்துல என்னல பாத்த?": பிள்ளையிடம் பழசைப் பேசுவது எப்படி

என் மகனுக்கு மூன்றரை வயது. சாரல் நேரத்தில் குற்றாலம் போய்விட்டு வந்தோம். வந்த அன்றே அவனுடைய ஆச்சி பிடித்துக்கொண்டார். "எங்கல போன?" "குத்தாலம்." "என்ன பாத்த?" பதில் இல்லை. "சொல்லுல, என்ன பாத்த?" மூன்றாவது தடவை கேட்கும்போது அவன் எழுந்து காரை உருட்டப் போய்விட்டான்.

ஆச்சியைக் குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பிள்ளைக்கு அது பரீட்சைதான்.

இப்போது முதலில் நான் கொஞ்சம் சொல்லிவிட்டு, அப்புறம்தான் கேட்கிறேன்.

"ஐந்தருவிப் பக்கம் ரம்புட்டான் வாங்கினோம்ல, செவப்பா, முடி முடியா? அப்போ மதில் மேல யாரு இருந்தா?"

"கொரங்கு!"

"ஆமா, கொரங்கு. வயித்துல குட்டி வேற தொங்குச்சு. அது என்ன பண்ணுச்சு?"

"புடுங்கிட்டு ஓடிட்டு."

"பையோட புடுங்கிட்டு! அப்போ அப்பா என்ன பண்ணாங்க?"

"செருப்பு… அப்பா செருப்பு அந்துட்டு."

துரத்தப்போய் அவர் செருப்பு அறுந்ததை நான் சுத்தமாக மறந்திருந்தேன்.

கவனியுங்கள்: அவன் ஒரு சொல் சொன்னால் அதை "ஆமா" என்று வாங்கி, கூட ஒரு விவரம் சேர்த்து, அடுத்த கேள்வி. "குரங்கு வந்துச்சா?" என்று கேட்டால் "ம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். யார், என்ன, ஏன் என்று கேளுங்கள். பதில் வரவில்லையா? அதே கேள்வியை மறுபடி கேட்காமல், நீங்களே கொஞ்சம் சொல்லிவிட்டு வேறு பக்கமாக நுழையுங்கள்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் எலைன் ரீஸ், கேத்தரின் ஹேடன், ராபின் ஃபிவுஷ் மூவரும் தாய்–பிள்ளை பேச்சை, பிள்ளையின் 40ஆவது மாதம் தொடங்கி 70ஆவது மாதம் வரை கவனித்து 1993இல் எழுதினார்கள். இப்படி விவரம் சேர்த்துப் பேசிய அம்மாக்களின் பிள்ளைகள் பின்னால் நிறைய நினைவுகூர்ந்தார்கள். கேட்டதையே கேட்டவர்களின் பிள்ளைகளிடம் அந்த அளவு இல்லை. இன்னொரு சங்கதி, பெற்றோர் மகளோடு பேசுகிற அளவு மகனோடு விரிவாகப் பேசுவதில்லை என்றும் அவர்கள் கண்டார்கள். என் அண்ணன் வீட்டில் தினமும் பார்க்கிறேன்.

நேரம் ஒதுக்க வேண்டாம். சோறு ஊட்டும்போது, பஸ்ஸில், தூங்கும் முன் ஐந்து நிமிடம் போதும். போன் போட்டோவை மட்டும் கடைசியில் காட்டுவேன். முதலிலேயே காட்டினால் படத்தில் இருப்பதை மட்டும்தான் சொல்கிறான்.

பயந்ததையும் பேசலாம், ஆனால் காரணத்தோடு: "தண்ணி தலையில தடதடன்னு விழுந்துச்சு, மூச்சு முட்டுச்சு, அதான் பயந்த. அப்புறம் துண்டுல சுத்தித் தூக்கிட்டேன்."

ஒரே எச்சரிக்கை, இல்லாததைச் சேர்க்காதீர்கள். பேரருவியில் அழுதது அவன் அத்தை மகள். நான் விளையாட்டாக "நீதான அழுத" என்று நாலைந்து முறை சொல்லிவிட்டேன். இப்போது அவனே "நான் அழுதேன்" என்று ஊரெல்லாம் சொல்கிறான். அந்த நேரம் அவன் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்! திருத்திப் பார்த்தேன், கேட்கவில்லை.

ஆச்சியும் இப்போது கேட்கும் விதத்தை மாற்றிவிட்டார். "ஏல, கொரங்கு உங்கப்பன் செருப்பையும்ல தூக்கிட்டுப் போச்சாம்?"

"இல்ல ஆச்சி! அந்துட்டு!" என்று கத்திக்கொண்டே காரைப் போட்டுவிட்டு ஓடி வருகிறான்.