கேபிள் சுடுகிறதா? எர்த்தைப் பாருங்கள்

வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது கிளட்ச் கேபிளோ ஆக்சிலேட்டர் கேபிளோ கை வைக்க முடியாதபடி சுடுகிறதா? கேபிளை மட்டும் மாற்றினால் புதியதும் அப்படியேதான் சுடும். முதல் சந்தேகம் எஞ்சினின் எர்த் பட்டை (எஞ்சினை பாடியோடோ பேட்டரி நெகட்டிவோடோ இணைக்கும் தடித்த கம்பிப் பட்டை) மேல் இருக்கட்டும்.

கார் ஸ்டார்ட்டர் மோட்டார் சாதாரணமாக 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அத்தனை மின்சாரமும் எஞ்சின் வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பியாக வேண்டும். எர்த் பட்டை துருப்பிடித்தோ போல்ட் தளர்ந்தோ இருந்தால், கிளட்ச் கேபிள் போல எஞ்சினையும் பாடியையும் இணைக்கிற மெல்லிய கம்பி எதுவானாலும் அதில் பாயும். பாவம், அது எவ்வளவு தாங்கும்? உறை உருகி, சில சமயம் கேபிளே உள்ளே இறுகிக்கொள்ளும்.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் (கிளாம்பில் அல்ல), மற்றது எஞ்சினின் சுத்தமான உலோகத்தில். கியரை நியூட்ரலில் போட்டு இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் வரை காட்டினால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் எர்த் சரியில்லை. மீட்டரின் ஓம் (மின்தடை) அளவை நம்பி ஏமாறாதீர்கள். பட்டையில் நாலு இழை மிஞ்சியிருந்தாலும் அது கிட்டத்தட்ட பூஜ்யமே காட்டும்.

மீட்டர் இல்லையா? ஒரு ஜம்பர் கேபிளை நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சினுக்கு மாட்டுங்கள். மோட்டார் சட்டென்று வேகமாகச் சுற்றினால் ஆளைப் பிடித்தாயிற்று.

அப்புறம் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பட்டை உட்காரும் இடத்தில் துருவையும் பெயிண்டையும் உலோகம் பளபளக்கும் வரை சுரண்டி, இறுக்கமாக மாட்டுங்கள். பட்டை பச்சை பூத்திருந்தால் புதிதே போட்டுவிடலாம். சூடுபட்ட கேபிளையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.