கேம் மேலே பூட்டுப் படமா? அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குமரி மாவட்டம் மார்த்தாண்டத்திலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். "மாமா, எல்லா கேம்லயும் பூட்டு விழுந்துட்டு. ஒண்ணும் தொறக்கல்ல. அழிச்சிட்டு திரும்ப எறக்கட்டா?" ஒவ்வொன்றும் 80, 90 ஜிபி வரும் கேம்கள், அவர்கள் வீட்டு நெட்டோ மழை தூறினாலே படுத்துக்கொள்ளும். "லே மக்கா, மொதல்ல கைய எடு" என்றேன். பிளேஸ்டேஷன் 5 (சுருக்கமாக பிஎஸ்5) என்ற கேம் கன்சோல் பெட்டி வைத்திருக்கும் பாதிப்பேர் முதலில் செய்வது இந்த அழிக்கிற வேலைதான், அதனால் எந்தப் பிரயோஜனமும் கிடையாது.

பூட்டுப் படம் வந்தால் கேம் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஃபைல் எல்லாம் அப்படியே உள்ளே இருக்கிறது. "இதை விளையாட உங்களுக்கு உரிமை உண்டா" என்று கன்சோல் கேட்டுப்பார்த்து, "உண்டு" என்ற பதில் வராமல் நிற்கிறது, அவ்வளவுதான். பிளேஸ்டேஷனின் ஆன்லைன் ஸ்டோரில் வாங்கிய கேமின் லைசன்ஸ், அதாவது விளையாடும் உரிமை, பெட்டிக்குச் சொந்தமில்லை, காசு கொடுத்த அக்கவுண்டுக்குச் சொந்தம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். இன்னொன்று, பழைய பிஎஸ்4-இல் கேம் திறந்து பாதியில் நின்று சிஇ-34878-0 என்ற பிழை எண் வந்தால் அது அப்ளிகேஷன் கிராஷ், லைசன்ஸ் பிரச்சினை இல்லை. அதற்கு இங்கே மருந்து தேடவேண்டாம்.

முதலில் தவறு உங்கள் வீட்டில்தானா என்று பாருங்கள். 2025 பிப்ரவரி 8, சனிக்கிழமை, அக்கவுண்டைச் சரிபார்க்கும் ஆன்லைன் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க் உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரு நாள் படுத்துவிட்டது (பிறகு பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாக்காரர்களுக்கு 5 நாள் சேர்த்துக் கொடுத்தார்கள்). அன்றைக்கு யார் என்ன செட்டிங்கை நோண்டியும் ஒன்றும் நடந்திருக்காது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் சர்வர் நிலவரம் காட்டும் இடம் இருக்கிறது, பச்சையாக இருந்தால் மேலே போங்கள். வீட்டு நெட் மேல் சந்தேகம் என்றால் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ஒரு தடவை இணைத்துப் பாருங்கள். லைசன்ஸ் சரிபார்க்க பெரிய டேட்டா ஒன்றும் வேண்டாம்.

அடுத்தது கடிகாரம். சிரிக்காதீர்கள், நம் ஊரில் இதற்குக் காரணம் இருக்கிறது. ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இடியோடு இன்னொரு மழை என்று இரண்டும் கொட்டுகிற மாவட்டம் இது. இடி முழங்கினால் அம்மாக்கள் முதலில் பிளக்கைத்தான் பிடுங்குவார்கள். பிடுங்குவது சரிதான். ஆனால் வாரக்கணக்கில் பிளக் இல்லாமல் கிடந்தால் உள்ளே இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரிதான் நேரத்தைத் தாங்கவேண்டும். பழைய பிஎஸ்4-இல் அது தீர்ந்துபோய் தேதி எங்கேயோ ஓடிவிடும், தேதி தப்பானால் சர்வரோடு பேசுவதும் லைசன்ஸ் சரிபார்ப்பதும் தடுமாறும். டேட் அண்ட் டைம் பகுதியில் இன்டர்நெட் மூலம் நேரத்தை எடுக்கச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு முறை பிளக் போடும்போதும் தேதி மாறியிருந்தால் பேட்டரியை மாற்றவேண்டியதுதான். வாட்ச் கடையில் கிடைக்கும், கன்சோலைப் பிரித்துப் பழக்கமில்லாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சரி, அக்கா வீட்டுக் கதைக்கு வருவோம். இந்த மாவட்டத்தில் பல வீடுகளில் இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு. பெட்டி வந்தது ஷார்ஜாவிலிருந்து. அத்தான் லீவுக்கு வரும்போது வாங்கி வந்தார், அக்கவுண்ட் அவருடையது, கேமும் சந்தாவும் அவர் கார்டில் எடுத்தது. மருமகன் தன் அக்கவுண்டில் நுழைந்து அப்பாவின் கேம்களை விளையாடுவான். இத்தனை நாள் எப்படி ஓடியது? அத்தானின் அக்கவுண்டில் "கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே" அந்தப் பெட்டிக்கு இயக்கப்பட்டிருந்தது, அதனால் அதில் நுழையும் எல்லா அக்கவுண்டுக்கும் கேமும் சந்தாவும் கிடைத்தன. ஒரு அக்கவுண்டுக்கு இதை ஒரே ஒரு பிஎஸ்5-இல்தான் இயக்கமுடியும். போன மாதம் அத்தான் அங்கே ரூமில் இன்னொரு பிஎஸ்5 வாங்கியிருக்கிறார், கேட்ட கேள்விக்கெல்லாம் ஓகே கொடுத்திருக்கிறார், உரிமை கடல் தாண்டிப் போய்விட்டது. மார்த்தாண்டத்தில் பூட்டு.

சரிசெய்ய 5 நிமிடம்கூட ஆகாது, ஆனால் அக்கவுண்டுக்காரர் ஒத்துழைக்கவேண்டும். வீட்டுப் பெட்டியில் அத்தானின் ப்ரொஃபைலில் நுழையுங்கள். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டிருந்தால் கோட் அவர் போனுக்குப் போகும், அதனால் டூட்டி முடிந்து ரூமுக்கு வந்த பிறகு கூப்பிடுங்கள்; அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். உள்ளே போனதும் செட்டிங்ஸ், யூசர்ஸ் அண்ட் அக்கவுண்ட்ஸ், அதர், அதற்குள் கன்சோல் ஷேரிங். எனேபிள் கொடுங்கள். அதே அதர் பகுதியில் "ரெஸ்டோர் லைசன்சஸ்" என்று ஒன்று இருக்கும், அதையும் ஒருமுறை அழுத்திவிடுங்கள், வாங்கியது எல்லாம் திரும்பச் சரிபார்க்கப்படும். அப்போ அத்தான் அங்கே விளையாடமுடியாதா என்று அக்கா பதறினாள். முடியும். அவர் தன் சொந்த அக்கவுண்டில் நுழைந்து நெட்டோடு இருந்தால் எந்தப் பெட்டியிலும் விளையாடலாம். ஆக, ஷேரிங் எப்போதும் பிள்ளைகள் விளையாடும் பெட்டியில் இருக்கட்டும், வாங்கினவர் எங்கே இருந்தாலும் அவருக்கு நஷ்டமில்லை.

பிஎஸ்4 என்றால் இதற்குப் பெயர் "பிரைமரி பிஎஸ்4", அக்கவுண்ட் மேனேஜ்மென்ட்டுக்குள் இருக்கும். ரெஸ்டோர் லைசன்சஸும் அங்கேயேதான். அதில் பழைய பெட்டியில் டீஆக்டிவேட் செய்துவிட்டுத்தான் புதியதில் இயக்கமுடியும். பழையதை விற்றுவிட்டீர்கள் என்றால் பிரவுசரில் அக்கவுண்டைத் திறந்து எல்லாக் கருவிகளையும் ஒரே அடியாக நீக்கலாம், ஆனால் அந்த வாய்ப்பு 6 மாதத்துக்கு ஒரு தடவைதான், யோசித்துச் செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோலில் இதே சங்கதிக்கு "மை ஹோம் எக்ஸ்பாக்ஸ்" என்று பெயர், ஜெனரல், பெர்சனலைசேஷன் வழியாகப் போகவேண்டும், வருடத்துக்கு 5 தடவைவரை மாற்றலாம்.

எல்லாக் கேமிலும் இல்லாமல் ஒன்றிரண்டில் மட்டும் பூட்டு என்றால் கதை வேறு. பிளேஸ்டேஷன் பிளஸில் மாதாமாதம் கொடுக்கும் கேமை நீங்கள் லைப்ரரியில் சேர்த்துவிட்டால், சந்தா ஓடும்வரை அது உங்களுடையது, இடையில் சந்தா நின்று திரும்பக் கட்டினாலும் பூட்டு தானாக விலகும். ஆனால் அதே பிளஸின் உயர் வகைகளான எக்ஸ்ட்ரா, டீலக்ஸ் சந்தாவில் வரும் கேட்டலாக் (சந்தாவோடு விளையாடத் தரும் பட்டியல்) கேம்கள் அப்படியில்லை. கேட்டலாக்கைவிட்டு வெளியே போனால் நீங்கள் காசு கட்டிக்கொண்டே இருந்தாலும் பூட்டுதான், தனியாக வாங்கினால்தான் திறக்கும். எக்ஸ்பாக்ஸின் கேம் பாஸ் சந்தாவிலும் இதே நடைமுறைதான். கன்சோலில் இருக்கும் சேவ் டேட்டா எங்கேயும் போகாது, அதனால் தனியாக வாங்கினாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

சந்தா புதுப்பிக்காமல் விட்டுப்போவதும் சாதாரணம். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டில் தானாகக் காசு எடுக்க நாம் முன்பே ஓடிபி கொடுத்துப் பதிவு செய்திருக்கவேண்டும், எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் வங்கி நமக்குச் சொல்லவேண்டும். பழைய கார்டைப் போட்டுவிட்டு மறந்தவர்களுக்கு ஆட்டோ ரினியூ சத்தமில்லாமல் தோற்றுப்போகும். எனக்கே ஒரு வருடம் அப்படி ஆனது, கிறிஸ்துமஸ் லீவில் ஆன்லைன் மேட்ச் தொடங்கும்போதுதான் தெரிந்தது. இப்போது கிஃப்ட் கார்டு வாங்கி வாலட்டில் ஏற்றிவிடுகிறேன், நிம்மதி.

அந்த கிஃப்ட் கார்டிலும் ஒரு குழி இருக்கிறது. பிளேஸ்டேஷன் அக்கவுண்டைத் திறக்கும்போது கொடுத்த நாடு கடைசிவரை மாறாது. இந்திய அக்கவுண்டில் துபாய் கார்டு ஏறாது, ஷார்ஜாவில் திறந்த அக்கவுண்டில் நம் ரூபாய் கார்டு ஏறாது. யாராவது மாமா அன்பாக அங்கிருந்து கோட் அனுப்பி, அது இங்கே செல்லாமல் போய், யார் மேல் தப்பு என்று ஃபேமிலி குரூப்பில் சண்டை நடந்ததுகூட உண்டு. டிஸ்க்குக்குக் கூடுதல் பகுதி வாங்குபவர்களுக்கும் இதே எச்சரிக்கை: டிஸ்க் எந்தப் பிராந்தியத்துக்குரியதோ அந்தப் பிராந்திய ஸ்டோரில் வாங்கினால்தான் ஒட்டும். டப்பாவின் முதுகில் சியுஎஸ்ஏ அல்லது பிபிஎஸ்ஏ என்று தொடங்கும் எண் இருக்கும், காசு கட்டுமுன் அதைப் பாருங்கள்.

சில நூறு ரூபாய்க்கு ஃபுல் கேம் என்று வாட்ஸ்அப்பில் விற்கும் அக்கவுண்டுகளைப் பற்றிக் கேட்கிறார்கள். விற்றவன் தன் பக்கத்தில் டீஆக்டிவேட் செய்த அன்று உங்கள் பெட்டியில் பூட்டு விழும், புகார் கொடுக்க உங்கள் கையில் ரசீதும் இருக்காது. என்னிடம் இதற்கு வைத்தியம் இல்லை.

இத்தனையும் பார்த்தும் அசையவில்லையென்றால் சேஃப் மோட், அதாவது பெட்டியைப் பழுதுபார்க்கத் திறக்கும் அடிப்படை மெனு. பெட்டியை முழுக்க அணைத்து, பவர் பட்டனை இரண்டாவது பீப் வரும்வரை அழுத்திப் பிடியுங்கள், கண்ட்ரோலரை யுஎஸ்பி வயரில் இணையுங்கள், 5-ஆவது வரிசையில் ரீபில்ட் டேட்டாபேஸ் இருக்கும். கேமும் சேவும் அழியாது. கரண்ட் போகும் நேரத்தில் மட்டும் இதைத் தொடங்காதீர்கள், யுபிஎஸ் இருந்தால் அதில் போடுங்கள். அதே பட்டியலில் இருக்கும் இனிஷியலைஸ் (பிஎஸ்5-இல் "ரீசெட்" என்று இருக்கும்) பக்கம் கையே போகவேண்டாம், அது எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

அப்புறம், கடைசியில் கஸ்டமர் சப்போர்ட்டிடம் போகவேண்டி வந்தால் சைன் இன் ஐடி, வாங்கியபோது வந்த மெயில், அக்கவுண்ட் திறக்கும்போது கொடுத்த பிறந்த தேதி எல்லாம் கேட்பார்கள். அத்தான் அவசரத்தில் சொந்தப் பிறந்தநாளைப் போடாமல் ஜனவரி 1 என்று தட்டிவிட்டிருக்கிறார், அதுவும் எந்த வருடம் என்று அவருக்கே ஞாபகம் வர இரண்டு நாள் ஆனது. மருமகன் அதைப் பெட்டி வந்த அட்டை டப்பாவின் உள்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைத்திருக்கிறான்.