இரண்டாம் வகுப்புக்கு ஒரு லீவு பார்ட்டி: முதல் முறை நடத்துபவர்களுக்கு

அரையாண்டுத் தேர்வு முடியும் நாளில் வகுப்புக்கு ஒரு சின்ன பார்ட்டி வைக்கலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஆரம்பிப்பார்கள். இருபது பேர் கைதட்டுவார்கள். அப்புறம் குழுவே அமைதியாகிவிடும். அந்த அமைதியில் வாயைத் திறப்பவர்தான் பொறுப்பாளர். போன வருஷம் அது நான். ஊர் கடலூர், மகள் இரண்டாம் வகுப்பு, மொத்தம் 38 பிள்ளைகள். நான் செய்ததையும் சொதப்பியதையும் வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: கேக்கை விடுங்கள், நேரத்தைக் கேளுங்கள்

எல்லாரும் மெனுவில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதை அப்புறம் பார்க்கலாம். மூன்று வாரம் முன்பே வகுப்பு ஆசிரியரிடம், "மிஸ், கடைசி நாள் கடைசி இரண்டு பீரியட் கிடைக்குமா?" என்று கேளுங்கள். வெளிச் சாப்பாடு கொண்டு வரலாமா, எத்தனை பெற்றோர் உள்ளே வரலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். எங்களுக்குக் கிடைத்தது 80 நிமிடம். விளையாட்டுக்கு 40, சாப்பாட்டுக்கு 25, மீதி சுத்தம் செய்யவும் பை மாட்டவும். இந்தக் கணக்கு கையில் இருந்தால், "மேஜிக் ஷோ வைக்கலாமே" என்பவருக்குப் பதில் சொல்வது சுலபம்.

மைதானத்தை நம்ப வேண்டாம். தானே புயல் 2011இல் நம் பக்கம் கரையைக் கடந்தது டிசம்பர் 30ஆம் தேதி. டிசம்பர் வானத்துக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. எல்லாவற்றையும் வகுப்பறைக்குள் நடக்கும்படி யோசியுங்கள். மின்சாரமும் போகலாம்; பாட்டுக்கு சார்ஜ் ஏற்றிய சின்ன ஸ்பீக்கர் போதும்.

படி 2: பணம்

தலைக்கு 60 ரூபாய் என்று முடிவு செய்தோம். யார் கொடுத்தார்கள் என்று டிக் போட்ட பட்டியலைக் குழுவில் போடாதீர்கள். கொடுக்க முடியாத வீட்டுக்கு அது பெரிய தலைகுனிவு. அடுத்த நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டுவிடுவார்கள். மிஸ் மேசையில் ஒரு பழைய டப்பாவை மூடியில் துளை போட்டு வைத்தோம். பெயர் எழுதாத கவர், முடிந்ததைப் போடலாம். டப்பாவைத் திறந்தபோது 2,350 ரூபாய் இருந்தது. 38 பேர் கணக்குக்கு 2,280தான் வர வேண்டும்.

படி 3: சாப்பாடு

முதலில் ஒரு கேள்வியைக் குழுவில் போடுங்கள்: யாருக்காவது வேர்க்கடலை, முந்திரி, பால், முட்டை ஒத்துக்கொள்ளாதா? பண்ருட்டி பக்கத்தில் இருப்பதால் நம் ஊரில் எதை எடுத்தாலும் முந்திரி விழுந்திருக்கும். கேட்காமல் விடக் கூடாது. ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கும் வீடுகளும் அந்த மாதத்தில் நிறைய. அதனால் கேக் முட்டையில்லாததாகவே இருக்கட்டும். ஆர்டர் கொடுக்கும்போது ஒரு தடவை, வாங்கும்போது ஒரு தடவை கேளுங்கள்.

பெரிய கேக் வேண்டவே வேண்டாம். அதற்கு முந்தின வருஷம் வாங்கினோம். வெட்டி, தட்டில் வைத்து, வரிசையில் கொடுத்து முடிக்க 25 நிமிடம் ஆனது. கடைசிப் பையனுக்குப் போனது பூ இல்லாத ஓரத் துண்டு. அவன் அழுதான். இந்த முறை கப் கேக் 40. எல்லாருக்கும் ஒரே அளவு, கத்தியே தேவையில்லை.

கூடவே சுண்டல். ஒரு கிலோ காய்ந்த கொண்டைக்கடலை வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். 40 பேருக்குக் காய்ந்த கடலை இரண்டு கிலோ தாராளம். முதல் நாள் இரவே ஊற வையுங்கள். காலையில் தாளித்ததை மதியம்தான் கொடுக்கப் போகிறீர்கள், தேங்காய் போட்டால் ஊசிப்போகும். துருவலைத் தனி டப்பாவில் எடுத்துப் போய்ப் பரிமாறும்போது கலந்துகொள்ளுங்கள். ஆளுக்கொரு வாழைப்பழம். குளிர்பானம் வாங்கவில்லை, அவரவர் தண்ணீர் பாட்டில் இருக்கிறதே.

தட்டுக்குப் பாக்கு மட்டை. பிளாஸ்டிக் தட்டு, டம்ளருக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை.

படி 4: விளையாட்டு

மியூசிக்கல் சேர் என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். பெஞ்ச் போட்ட வகுப்பில் 37 நாற்காலிக்கு எங்கே போவது? அதோடு, முதல் நிமிடமே அவுட்டாகும் பிள்ளை மீதி நேரம் பெஞ்சுக்கு அடியில்தான் இருக்கும்.

எங்களுக்குக் கைகொடுத்தது பழைய செய்தித்தாள். நாலு பேருக்கு ஒரு முழுத் தாள். பாட்டு நின்றதும் நாலு பேரும் அதன் மேல் நிற்க வேண்டும். அடுத்த சுற்றில் தாளைப் பாதியாக மடியுங்கள், அப்புறம் கால்வாசி. கட்டிப்பிடித்து, ஒற்றைக் காலில், ஒருத்தி தோளில் ஒருத்தி தொங்கிக்கொண்டு... சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. எந்த அணியையும் வெளியே அனுப்பவில்லை.

இன்னொன்று, நம் "ஒரு குடம் தண்ணி ஊத்தி ஒரு பூ பூத்துச்சாம்". இரண்டு பேர் கைகோத்து வளைவு போட, மற்றவர்கள் பாடிக்கொண்டே நுழைந்து போவது. பாதிப் பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை; வகுப்பைப் பெருக்கும் ஆயாம்மா வந்து சொல்லிக் கொடுத்தார்.

கிறிஸ்துமஸ் தாத்தாவாக ஓர் அப்பா பஞ்சு தாடியோடு வந்தார். அவர் மகனே மிரண்டு மிஸ் பின்னால் ஒளிந்துகொண்டான். தாத்தா வேண்டும் என்றால் குரலை மாற்றாமல் வரச் சொல்லுங்கள்.

படி 5: அலங்காரம், பரிசு

காகித நட்சத்திரங்களைப் பிள்ளைகளே முந்தின நாள் கிராஃப்ட் பீரியடில் வெட்டட்டும். கோணலாக இருந்தால் என்ன. பரிசுப் பை 15 ரூபாய்க்குள்: பென்சில், ரப்பர், ஒரு ஸ்டிக்கர் அட்டை. எல்லாருக்கும் ஒரே நிறத்தில் வாங்குங்கள், சண்டை வராது.

படி 6: பெருக்குவது

இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். லீவு முடியும் வரை பூட்டிக் கிடக்கப் போகும் அறை. கேக் தூள் பெஞ்சு இடுக்கில் கிடந்தால் எறும்பு, எலி எல்லாம் குடியேறிவிடும். துடைப்பம், ஈரத்துணி, இரண்டு சாக்குப் பை கையோடு கொண்டு போங்கள். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, "யார் வரிசை முதலில் சுத்தம்?" என்று கேளுங்கள், பிள்ளைகளே பாதி வேலையை முடித்துவிடுவார்கள்.

அன்று இரவே கணக்கைக் குழுவில் போட்டேன்: கப் கேக் 800, சுண்டல் 300, பழம் 240, தட்டு 160, பரிசு 570, அலங்காரம் 150, மொத்தம் 2,220. மீதி 130 ரூபாய்க்கு வகுப்புக்கே ஒரு புதுத் துடைப்பமும் முறமும் வாங்கிக் கொடுத்தோம். பழையதை அன்றைக்கு நாங்கள்தான் உடைத்திருந்தோம்.