விட்கன்ஸ்டைன் கட்டிய வீட்டைப் படிக்கும் முறை

மொழியையும் தருக்கத்தையும் அலசும் பகுப்பாய்வுத் தத்துவத்துக்கும் நவீனக் கட்டடக்கலைக்கும் என்ன உறவு என்று கேட்டு வரும் மாணவர்களிடம் நான் முதலில் புத்தகம் தருவதில்லை. வியன்னா, குண்ட்மன்காஸே 19ஆம் எண் வீட்டின் வரைபடத்தைத் தருவேன். 1926 முதல் 1928 வரை, தன் அக்கா மார்கரெட்டுக்காக, கட்டடக் கலைஞர் பால் ஏங்கல்மானோடு சேர்ந்து தத்துவவாதி லுட்விக் விட்கன்ஸ்டைன் கட்டிய வீடு அது.

அதைப் பார்த்துக் கையால் வரையுங்கள். கணினி வேண்டாம். ஏங்கல்மான், அலங்காரத்தை எதிர்த்த கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸின் மாணவர், அதனால்தான் வீட்டில் அலங்காரம் இல்லை என்று சொல்லி முடித்துவிடத் தோன்றும். அந்தப் பதிலை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

அடுத்து, கதவின் கைப்பிடி. வழக்கமாகக் கைப்பிடியைச் சுற்றி ஒரு தகடு இருக்கும். துளையின் பிசிறை அது மறைக்கும். இங்கே தகடே கிடையாது. அப்படியானால் துளை எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும்! இப்போது விட்கன்ஸ்டைனின் 'டிராக்டேட்டஸ்' நூலில் 3.328 என்று எண்ணிட்ட கூற்றைப் படியுங்கள்: தேவைப்படாத குறியீட்டுக்குப் பொருள் இல்லை என்கிறது. கைப்பிடியும் வாக்கியமும் அழகாகப் பொருந்தும்.

இங்கேயே நிறுத்தினால் பாதிதான் படித்திருப்பீர்கள். வீடு முடிந்து துப்புரவு தொடங்கவிருந்த நேரத்தில், கூடம் போன்ற ஓர் அறையின் மேற்கூரையை 3 செ.மீ. உயர்த்தச் சொன்னார் விட்கன்ஸ்டைன். மூத்த அக்கா ஹெர்மினே இதை எழுதிவைத்திருக்கிறார். வீட்டைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் வெட்டுப்படத்தை 1:50 அளவில் வரைந்தால் அந்த வேறுபாடு 0.6 மி.மீ., பென்சில் கோட்டுக்குள்ளேயே மறைந்துவிடும். 1:10இல் இரண்டு முறை வரையுங்கள், உயர்த்துவதற்கு முன்னும் பின்னும். எதற்காக 3 செ.மீ.? தேவை என்ற சொல் இங்கே உதவாது. அறையின் விகிதம் அவர் கண்ணுக்குச் சரியாக வரவில்லை, அவ்வளவுதான். 'டிராக்டேட்டஸ்' 4.1212ஐ அப்போது திறந்துபாருங்கள்: காட்டக்கூடியதைச் சொல்ல முடியாது. வீட்டை வரையாமல் இந்த வரியை நான் பல ஆண்டுகள் வெறும் சொல்லாகவே படித்திருக்கிறேன்.

பகுப்பாய்வுத் தத்துவவாதியான கார்னப், 1929இல் ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரில் பௌஹவுஸ் என்ற நவீனக் கட்டடக்கலை, வடிவமைப்புப் பள்ளியில் உரையாற்றியதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது தனிப் பாடம்.

கடைசியாக, விட்கன்ஸ்டைனின் பிற்கால நூலான 'தத்துவ ஆய்வுகள்', அதன் 2ஆம் பத்தி. அங்கே ஒரு கொத்தனாரும் அவருடைய உதவியாளும் கல், தூண், பலகை, உத்தரம் என்ற நான்கே சொற்களில் பேசுகிறார்கள். வீடு கட்டிய பிறகு எழுதியது இது. அதே மனிதர், தான் கட்டிய அந்த வீடு நுட்பமான செவியுணர்விலும் நாகரிகத்திலும் பிறந்தது, ஆனால் கட்டுக்கடங்காத உயிர்த்துடிப்பு அதில் இல்லை என்றும் பின்னாளில் குறித்திருக்கிறார். உங்கள் வரைபடத்தில் அந்தக் குறை எந்த அறையில் தெரிகிறதோ, அங்கே சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு என்னிடம் கொண்டுவாருங்கள்.