வக்கீல் இல்லாமல் சிவில் வழக்கு: பிராது (வழக்கு மனு) தாக்கல் செய்வது எப்படி?

பக்கத்துத் தோட்டக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார், பேசியும் தீரவில்லை, வக்கீல் வைக்க வசதியும் இல்லை. அப்படியானால் நீங்களே வழக்குப் போடலாம். 1908-ம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டம் அதற்கு இடம் தருகிறது.

1. எந்தக் கோர்ட்?
நிலத் தகராறு என்றால் நிலம் எந்தக் கோர்ட் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம், இரணியல், குழித்துறை, பூதப்பாண்டியில் கோர்ட்டுகள் உள்ளன. சிறிய மதிப்புள்ள வழக்கு முன்சீப் கோர்ட்டுக்குப் போகும். காலக்கெடுவையும் பாருங்கள்: கைமாற்றுக் கடனுக்கு 3 ஆண்டு. எதிர்க்கட்சி அரசாக இருந்தால் பொதுவாக 2 மாத நோட்டீஸ் கொடுத்த பிறகே வழக்கு.

2. பிராது எழுதுதல்
தமிழிலேயே எழுதலாம். வாதி, பிரதிவாதி பெயர், முகவரி, நடந்தது என்ன, வழக்கு மூலம் (வழக்குப் போடக் காரணமான சம்பவம்) எந்தத் தேதியில் எழுந்தது, வழக்கின் மதிப்பு, கேட்கும் பரிகாரம் எல்லாம் பத்தி எண் போட்டு வரவேண்டும். கோபத்தைக் கொட்ட வேண்டாம். நீதிபதிக்குத் தேவை தேதியும் சம்பவமும்தான்.

3. சொத்து விவரம்
இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். 'என் வீட்டுக்குப் பின்னால் உள்ள நிலம்' என்று எழுதினால் தீர்ப்பு வந்தாலும் நிறைவேற்ற முடியாது. உதாரணத்துக்கு இப்படி: 'கல்குளம் தாலுகா, இன்ன கிராமம், பழைய சர்வே எண் இன்னது, ரீசர்வே எண் இன்னது, 12 சென்ட். கிழக்கே ஓடை, மேற்கே பிரதிவாதியின் ரப்பர் தோட்டம், வடக்கே பஞ்சாயத்து ரோடு, தெற்கே வாதியின் மீதி நிலம்.' பத்திரத்தில் பழைய எண்ணும் பட்டாவில் புதிய எண்ணும் இருப்பது இங்கே சகஜம், இரண்டையும் எழுதுங்கள். 1956-க்கு முந்தைய திருவிதாங்கூர் காலப் பத்திரம் மலையாளத்தில் இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பையும் சேர்த்து வையுங்கள்.

4. கையெழுத்து, ஆவணம், கோர்ட் பீஸ்
பிராதின் அடியில் கையெழுத்து, அதற்குக் கீழே சரிபார்ப்பு (எழுதியது உண்மை என்ற உறுதிமொழி), அதிலும் கையெழுத்து, கூடவே பிரமாணப் பத்திரம். ஆவணங்களைப் பட்டியலிட்டு இணையுங்கள். ஒவ்வொரு பிரதிவாதிக்கும் ஒரு நகல் வேண்டும். பணம் கேட்கும் வழக்கில் கோர்ட் பீஸ் 3 சதவீதம். தடையுத்தரவு போன்றவற்றுக்குக் கணக்கு வேறு, கோர்ட்டில் வழக்குத் தாக்கல் பிரிவில் கேட்டுக் கட்டுங்கள்.

5. ரிட்டர்ன் ஆனால்
குறை இருந்தால் காரணமும் கெடுவும் எழுதித் திருப்பித் தருவார்கள். அது வழக்கு தோற்றதாகாது, பலருக்கும் நடப்பதுதான். ஒவ்வொரு குறைக்கும் பதில் எழுதி, கெடுவுக்குள் திரும்பத் தாக்கல் செய்யுங்கள். கெடு தாண்டினால் தாமதத்தை மன்னிக்க மனு போடவேண்டும்.

6. வழக்குக்கு நம்பர் கிடைத்த பிறகு
பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்டினால் பிரதிவாதிக்குச் சம்மன் போகும். எதிருரைக்கு (எழுத்தில் தரும் பதிலுக்கு) அவருக்கு 30 நாள், அதிகபட்சம் 90 நாள் என்கிறது சட்டம்.

பெண்கள், பட்டியலினத்தவர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், தயங்கவே வேண்டாம்.

அப்புறம், வாய்தாவை (விசாரணைத் தேதியை) தவறவிடாதீர்கள். நீங்கள் வராமல் வழக்குத் தள்ளுபடியானால், திரும்பக் கோப்பில் எடுக்க 30 நாளுக்குள் மனு போட்டாகவேண்டும்.