ஒத்த ஆயத்துகளை ஓதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குர்ஆனில் ஏறத்தாழ ஒரே மாதிரி வரும் ஆயத்துகள் (வசனங்கள்) உண்டு. கிருஷ்ணகிரியில் தராவீஹ் (ரமளான் இரவுத் தொழுகை) தொழவைக்கும் இளம் ஹாஃபிழ் (குர்ஆனை மனனம் செய்தவர்), அதன் முப்பது பாகங்களில் எட்டாவது ஜுஸ்உவில் "நர்ஸுக்குகும் வஇய்யாஹும்" என்று ஓத வேண்டிய இடத்தில், பதினைந்தாவது ஜுஸ்உவில் வரும் "நர்ஸுக்குஹும் வஇய்யாக்கும்" என்பதை ஓதிவிட்டால் முதல் வரிசையிலிருந்து உடனே லுக்மா (சரியானதை எடுத்துக்கொடுத்தல்) வரும். ஸலாம் கொடுத்த பின், "அர்த்தம் ஒன்றுதானே ஹஜ்ரத்" என்று யாரேனும் ஆறுதல் சொல்வார்கள். அர்த்தம் ஒன்றல்ல. குழந்தைகளைக் கொல்லாதீர்கள் என்ற கட்டளை இரண்டிலும் உண்டு. ஆனால் 6:151 (ஆறாவது அத்தியாயம், 151ஆம் ஆயத்து) "வறுமையின் காரணமாக" என்கிறது; அங்கே அடுப்பு ஏற்கெனவே அணைந்திருக்கிறது, பெற்றவரே பசியில் இருக்கிறார், ஆகவே "உங்களுக்கும் அவர்களுக்கும் நாமே உணவளிக்கிறோம்" என்று அவருடைய பசிக்கு முதலில் பதில் வருகிறது. 17:31 "வறுமைக்கு அஞ்சி" என்கிறது. இருப்பதைப் பிள்ளை குறைத்துவிடுமோ என்பதே அங்குள்ள பயம் என்பதால், "அவர்களுக்கும் உங்களுக்கும்" என்று பிள்ளையின் ரிஸ்க் (வாழ்வாதாரம்) முந்திக்கொள்கிறது.

மொழிபெயர்ப்பை மட்டும் வைத்து ஒப்பிடுவது அடுத்த தவறு. நம் ஊரில் பலர் பயானை (மார்க்க உரையை) உருதுவில் கேட்டு, தர்ஜுமாவைத் (மொழிபெயர்ப்பைத்) தமிழில் படிக்கிறார்கள். இரண்டு மொழிகளிலும் அரபியின் "அல்" என்ற முன்னொட்டுக்கு நேரான சொல் கிடையாது. நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் துஆ (பிரார்த்தனை) 2:126இல் "பலதன்" என்றும், 14:35இல் "அல்பலத" என்றும் வருகிறது. முன்னது "இதை ஒரு பாதுகாப்பான ஊராக ஆக்குவாயாக". பின்னது "இந்த ஊரைப் பாதுகாப்பானதாக ஆக்குவாயாக". ஊர் உருவாகும் முன் கேட்டது ஒன்று, உருவான பின் கேட்டது மற்றொன்று என்று முஃபஸ்ஸிர்கள் (குர்ஆன் விரிவுரையாளர்கள்) சிலர் விளக்குகிறார்கள். 14:35ஐத் தனியே பிடுங்கி எடுக்காமல் நான்கு ஆயத்துகள் தள்ளி 14:39 வரை ஓதினால், முதுமையில் இஸ்மாயீலையும் இஸ்ஹாக்கையும் தந்ததற்காக அவர் அல்லாஹ்வைப் புகழ்வதைக் காணலாம். இந்தத் துஆ பிற்காலத்தது என்று காட்டுவதால், அந்த விளக்கத்துக்கு இது வலுச் சேர்க்கிறது.

எனினும், இத்தகைய விளக்கங்களை அல்லாஹ்வே சொன்ன காரணம்போல் மேடையில் அறுதியிட்டுப் பேசுவது, எனக்குத் தெரிந்தவரை, எல்லாவற்றிலும் பெரிய தவறு. பாறையிலிருந்து நீர் வந்ததை 2:60 "ஃபன்ஃபஜரத்" (பீறிட்டது) என்றும் 7:160 "ஃபன்பஜஸத்" (கசிந்தது) என்றும் சொல்வதற்கு, முதலில் கசிந்து பிறகு பெருக்கெடுத்தது என்பது ஓர் அறிஞர் கருத்து. இரண்டு சொற்களுக்கும் பொருள் ஒன்றே என்றவர்களும் இருக்கிறார்கள்.

புதிதாகப் பழகுபவர் ஆலஇம்ரான் (மூன்றாவது) அத்தியாயத்தின் 40, 47ஆம் ஆயத்துகளிலிருந்து தொடங்கலாம். தனக்குப் பிள்ளை எப்படிப் பிறக்கும் என்ற கேள்விக்கு இரண்டிலும் பதில் வருகிறது. முதிய கணவனும் மலட்டு மனைவியும் உள்ள வீட்டில் ஸகரிய்யா (அலை) அவர்களுக்கு "நாடியதைச் செய்கிறான்" என்று பதில் வருகிறது; எந்த ஆணும் தீண்டாத மர்யம் (அலை) அவர்களுக்கு "நாடியதைப் படைக்கிறான்" என்று வருகிறது.