பழைய சேர்வருக்குப் புதிய வட்டு: எங்கே சறுக்குகிறார்கள்?

கொழும்பு புறக்கோட்டை மொத்தக் கடைகளின் மேல்மாடி அலுவலகங்களில் பத்துப் பன்னிரண்டு வயதான சேர்வர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2022இல் டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 360ஐத் தொட்ட பிறகு, முழுப் பெட்டியையும் மாற்றுவோம் என்று முதலாளியிடம் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. தேய்ந்த வன்தட்டைக் கழற்றிவிட்டு சுழலும் பாகமில்லாத மின்னணு வட்டான எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று முடிவெடுக்கிறார்கள். நல்ல முடிவுதான். வட்டின் பல மூலைகளிலிருந்து சிறு சிறு துண்டுகளாக வாசிக்கும்போது, நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு நொடிக்கு நூறு வாசிப்புகளை எட்டவே திணறும். வன்தட்டுக்கான அதே சாட்டா இணைப்பில் செருகும் சாதாரண எஸ்எஸ்டி பல்லாயிரத்தை அநாயாசமாகச் செய்துவிடும். கணக்கு மென்பொருள் இழுபடுவது பெரும்பாலும் இதனால்தான்.

தரவை நகலெடுப்பது இந்த வேலையில் எளிய பகுதி. பழைய பெட்டி புதிய வட்டிலிருந்து எழும்புமா, அதாவது இயங்குதளம் தொடங்குமா, என்ற கேள்வியை நகலெடுத்து முடித்த பிறகே பலர் கேட்கிறார்கள்.

கணினிக் கடைகள் நிறைந்த பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் 'வேகமானது எது?' என்று கேட்டால் சாட்டாவை விட வேகமான இணைப்பு முறையில் ஓடும் என்விஎம்இ எஸ்எஸ்டியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அந்தத் தரநிலை வெளியானதே 2011இல். அந்தக் காலத்துச் சேர்வர்கள் பலவற்றின் பயாஸுக்கு, அதாவது பெட்டியை எழுப்பும் அடிப்படை நிரலுக்கு, அப்படியொரு சாதனம் இருப்பதே தெரியாது. அடாப்டர் அட்டையில் செருகினால், இயங்குதளம் எழும்பிய பின் வட்டு தெரியும். அந்த வட்டிலிருந்து இயங்குதளம் எழும்பாது. தொடக்க நிரலை மட்டும் யூஎஸ்பி குச்சியில் வைத்துச் சமாளிக்கும் சுற்றுவழி உண்டு. ஆனால் கடைப் பையன் ஒருவன் அந்தக் குச்சியைப் பிடுங்கிப் பாட்டு ஏற்றும் நாளும் கட்டாயம் வரும். சாட்டா எஸ்எஸ்டியே போதும் என்பது என் கட்சி. பழைய போர்ட் நொடிக்கு 300 மெகாபைட்டுக்கு மேல் விடாது என்றாலும், பில் போடுபவருக்கு மாற்றம் உடனே தெரியும்.

அதற்காக மலிவானதை வாங்காதீர்கள். சேர்வர் வகை எஸ்எஸ்டிகளில், மின்சாரம் போகும் கணத்தில் கைவசமுள்ள தரவை எழுதி முடிக்கும் அளவுக்கு மின்னைத் தேக்கிவைக்கும் கொள்ளளவிகள் இருக்கும். வீட்டுப் பாவனைக்கு வரும் மலிவு வகைகளில் பெரும்பாலும் இருக்காது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே மின்சாரம் இழந்ததாக அமைச்சரே சொன்ன ஊர் இது. யூபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள்; அதன் பற்றரியைக் கடைசியாக மாற்றியது எப்போது?

கொள்ளளவையும் பாருங்கள். 500 ஜிபி வன்தட்டுக்குப் பதிலாக 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினால், உள்ளே 90 ஜிபிதான் நிரம்பியிருந்தாலும் முழு வட்டு நகல் அதில் அடங்காது. வன்தட்டிலுள்ள பிரிவை (பார்டிஷன்) முதலில் சுருக்க வேண்டும். இல்லையேல் ஒரு படி பெரியதாக வாங்குங்கள். இன்னொன்று, வட்டைத் தாங்கும் மூன்றரை அங்குலத் தட்டில் இரண்டரை அங்குல எஸ்எஸ்டியைத் திருகிச் சேர்வருக்குள் தள்ளினால், இணைப்பு முனை உள்ளே வட்டுகள் செருகும் பின்பலகையின் முனைக்கு நேராக வராமல் சற்று விலகி நிற்கும். அழுத்தித் தள்ளினால் உடைவது பின்பலகை. முனையைச் சரியான இடத்துக்குக் கொண்டுவரும் சட்டகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த சறுக்கல் பெட்டியை அணைப்பதில். ஆண்டுக்கணக்காக ஓடிய வன்தட்டு, அணைத்து ஆறிய பின் சுழல மறுப்பதுண்டு. அதனால் அணைப்பதற்கு முன்பே தரவுக்குத் தனியாக ஒரு காப்புப் பிரதி வேண்டும். போர்டிலுள்ள காசளவு பற்றரியும், சிஆர்2032, எப்போதோ செத்திருக்கும். மின்கம்பியைக் கழற்றியதும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து, தொழிற்சாலையில் வந்த நிலைக்குப் போய்விடும். வட்டோடு பேசும் சாட்டா முறை ஏஎச்சிஐ என்றிருந்தது பழைய ஐடிஇ ஆக மாறியிருக்கலாம். அப்படியானால் விண்டோஸ் நீலத் திரையுடன் நின்றுவிடும். புதிய எஸ்எஸ்டிதான் பழுது என்று அதைக் கடைக்கே திருப்பிக் கொண்டுபோவார்கள். பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் முன்கூட்டியே கைபேசியில் படம்பிடித்து வைத்தால் இந்த அலைச்சல் இல்லை.

வன்தட்டு ஏற்கனவே முனகத் தொடங்கியிருந்தால் அதன்மேல் வட்டுப் பிழைகளைத் தேடித் திருத்தும் விண்டோஸின் செக்டிஸ்க் கருவியை ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் வட்டில் அது எழுதவும் செய்யும். அதற்குப் பதில் நகலெடுக்கப் பயன்படுத்தும் டிடிரெஸ்கியூ போன்ற கருவி நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும்.

நகலெடுக்கும்போது மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்து, வெற்று வட்டைப் பழைய வட்டின் மேல் எழுதிவிட்டவர்கள் உண்டு. வட்டின் பெயரையோ அளவையோ நம்பாமல், ஸ்டிக்கரிலுள்ள தொடர் இலக்கத்தைத் திரையிலுள்ளதோடு ஒப்பிடுங்கள். தரவுத்தளச் சேவையையும் முதலில் நிறுத்திவிடுங்கள்.

பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்ட் அட்டையில் ஓடிய வட்டைப் போர்டின் சாட்டா முனைக்கு மாற்றுவதாக இருந்தால் இரட்டைக் கவனம் தேவை. புதிய இணைப்புக்கான இயக்கி (டிரைவர்) தொடக்கத்திலேயே ஏறாவிட்டால் விண்டோஸ் எழும்பாது. வேறொரு வட்டை அந்த முனையில் சாதாரணத் தரவு வட்டாக மாட்டி, இயங்குதளம் அதை அடையாளம் கண்ட பிறகு நகலெடுப்பது பாதுகாப்பு. லினக்ஸில், எழும்பும்போது முதலில் ஏறும் தொடக்கப் படிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். எந்த வட்டு எங்கே இணையும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் வட்டுகள் பெயரால் குறிக்கப்பட்டிருந்தால், தனி அடையாள எண்ணான யூயூஐடிக்கு மாற்ற வேண்டும்.

இந்த வேலைக்குப் பௌர்ணமி விடுமுறையான போயா தினம்தான் வசதி என்று பலர் நினைக்கிறார்கள். கடை பூட்டியிருக்கும், யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள், உண்மைதான். ஆனால் ஒரு கேபிள் குறைந்தால் வாங்கப் போகும் கடையும் அன்று பூட்டியிருக்கும். ஞாயிறும் ஏறக்குறைய அப்படியே. சனிக்கிழமை பின்னேரம் தொடங்குங்கள்.

எல்லாம் ஓடிய பிறகு பழைய வட்டை அழிக்காதீர்கள். திகதியும் பெயரும் எழுதி ஒட்டி, ஒரு மாத இறுதிக் கணக்கு முடியும்வரையாவது அலுமாரியில் வையுங்கள். 'ஒரு கோப்பை மட்டும் எடுப்போம்' என்று அதே சேர்வரில் மாட்டவும் வேண்டாம். இரண்டு வட்டுக்கும் அடையாளம் ஒன்றே. அடுத்த காலை எந்த வட்டிலிருந்து எழும்பியது என்று யாரும் பார்க்காமல் விட்டால், அன்றைய பில்கள் அத்தனையும் பழைய வட்டில் பதிவாகிவிடும். கோப்பு வேண்டுமென்றால் வேறொரு கணினியில், யூஎஸ்பி பெட்டி ஒன்றில் போட்டு எடுங்கள்.